உப்பா, குப்பையா?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. தேர்வு, ஆய்வகம், ஜெர்மனிக் குளிர்னு ஏகப்பட்ட சாக்கு இருக்கு. போன ஞாயித்துக்கிழமை அப்பா போன்ல கேட்ட கேள்விதான் மறுபடி உட்கார வச்சது.

ஒட்டன்சத்திரம் பக்கத்துல எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் செம்மண் தோட்டம். வருஷம் தவறாம தக்காளி.

"ஏங்கண்ணு, யூடியூப்புல ஒருத்தர் உப்பே ஆகாதுங்கறார். உரக்கடைக்காரர் மூட்டையை இறக்கட்டுமாங்கறார். நீ மண்ணைப் பத்தித்தானே படிக்கறே? சொல்லு, உப்பா குப்பையா?"

(எங்க ஊர்ல ரசாயன உரம்னா உப்பு, தொழு உரம்னா குப்பை.)

விடுவேனா? வாத்தியார் மாதிரி ஆரம்பிச்சேன். "நம்ம செம்மண்ணுல இருக்கற களிக்கு சத்தைப் பிடிச்சு வைக்கற சக்தி கம்மிங்கப்பா. மணிச்சத்தைப் போட்டா மண்ணுல இருக்கற இரும்பு பாதியை முடக்கிடும். குப்பை இருந்தாத்தான் தண்ணியும் நிக்கும், சத்தும் நிக்கும். உப்பை மட்டும் கொட்டறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற மாதிரி. யூரியா அதிகமானா செடி தழதழன்னு வளரும், காய்ப்பு குறையும்."

"சரி, அப்ப குப்பை மட்டும் போதுமா?"

இங்கதான் கணக்கு இடிக்குது. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது கிட்டத்தட்ட 21 கிலோ. மக்கின தொழு உரத்துல அரை சதவீதம் வாக்குலதான் இருக்கும். அதே 21 கிலோவுக்கு நாலு டன்னுக்கு மேல குப்பை அடிக்கணும். அதுவும் மொத்தமா அந்தப் போகத்துலயே செடிக்குக் கிடைச்சுடாது. தக்காளிக்கு இருக்கறதோ நாலஞ்சு மாசம். இன்னொண்ணு, நம்ம ஊர் வெயிலுக்குக் குப்பை சீக்கிரமே கரைஞ்சு போயிடும். இந்தக் குளிர் தேசம் மாதிரி மண்ணுல வருஷக்கணக்கா தங்காது. அதனால வருஷா வருஷம் போட்டுக்கிட்டே இருக்கணும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலயே ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு. ரகத் தக்காளிக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரம், அதோட தழை, மணி, சாம்பல் சத்து 150:100:50 கிலோ. "ஏக்கருக்குப் பத்து டன் குப்பை அடிங்கப்பா"ன்னு கெத்தா முடிச்சேன்.

அப்பா சிரிச்சார். "பத்து டன்னுக்கு எங்கடா போறது? மாட்டை வித்துத்தானே உனக்கு டிக்கெட் போட்டேன்."

எனக்குப் பேச்சு வரல. எந்தப் பாடப் புத்தகமும் இதை எனக்குச் சொல்லல. உப்பா குப்பையாங்கற சண்டையில பாதி, வீட்டுல மாடு இருக்கா இல்லையாங்கறதுதான்.

பக்கத்து அறை வவுனியா நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். 2021 மே மாசம் இலங்கையில ரசாயன உர இறக்குமதியைத் திடீர்னு நிறுத்தி, விளைச்சல் விழுந்து, நவம்பர்ல தடையை விலக்கினாங்க இல்லையா? "இயற்கை உரம் பிழையில்லை மச்சான். ஒரு நாடு முழுக்கப் போடுறதுக்கு அது எங்க இருந்தது?" அவ்வளவுதான் சொன்னார்.

கடைசியில வழி சொன்னதும் அப்பாதான். நடவுக்கு முன்னாடி ஆட்டுக்கிடை போடப் போறார். புழுக்கையும் மூத்திரமும் வண்டிக்கூலி இல்லாம நேரா மண்ணுக்கே போயிடும். நான் சேர்த்தது ரெண்டுதான்: மண் பரிசோதனை பண்ணிட்டு உப்பு வாங்கறது, யூரியாவை ஒரே தடவையா கொட்டாம பிரிச்சுப் போடறது. அரை ஏக்கர்ல மட்டும் உப்பே இல்லாம யூடியூப்காரர் சொன்னபடி :-)

என் படிப்புக் கடன்ல ஒரு பங்கை இந்தத் தக்காளிதான் அடைக்கணும். அதனால முழுசா பரிசோதனை பண்ற தைரியம் எங்க ரெண்டு பேருக்குமே இல்ல. அறுவடை முடிஞ்சதும் ரெண்டு பக்கத்துக் கணக்கையும் இங்க எழுதறேன்.

உங்க வீட்டுல தோட்டம் இருந்தா என்ன போடறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்.