தென்னையின் 14-ஆவது ஓலை

ஊரில் தென்னந்தோப்பை விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் காலம் தள்ளும் நம்மவர்கள், மண் வேதியியல் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், காய்ப்பு குறைஞ்சுபோச்சு, என்ன உரம் போடலாம்?" ஓலையைச் சோதித்தீர்களா என்று கேட்டால், "அதான் மண்ணை டெஸ்ட் பண்ணியாச்சே!" என்பார்கள்.

மண் பரிசோதனை வேண்டியதுதான். அமில, காரத் தன்மையும் உப்பின் அளவும் அதில்தான் தெரியும். ஆனால் மண்ணில் இருப்பதெல்லாம் மரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. மேற்குக் கடற்கரையின் செம்புறை மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. மரம் உண்மையில் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதை ஓலைதான் காட்டும்.

காய்களை எண்ணிப் பார்த்தும் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. பாளை வெடிப்பதற்குச் சுமார் 32 மாதங்களுக்கு முன்பே அதன் கரு குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் ஓராண்டு ஆகும். இன்று பறிக்கும் குலையின் கதை மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. போன மாதம் போட்ட உரத்துக்கு இந்த மாதம் பலன் தேடுவது வீண்.

சரி, எந்த ஓலை? இளம் ஓலையும் கூடாது, பழுத்ததும் கூடாது. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை முதிய ஓலையிலிருந்து இளையதற்கு நகர்ந்துவிடும்; போரான் அப்படி எளிதில் நகராது. அதனால் நடுவயதான 14-ஆவது ஓலையை எடுப்பது வழக்கம். உச்சியில் முழுதாக விரிந்த முதல் ஓலையை ஒன்று என்று வைத்துக் கீழ்நோக்கி எண்ண வேண்டும். அண்மையில் வெடித்த பாளை ஏறக்குறைய 10-ஆவது ஓலையின் கக்கத்தில் இருக்கும்; கைமுட்டி அளவுக் காய்கள் 14-ஆவதில் இருக்கும். மரமேறத் தெரிந்தவருக்கு இந்த அடையாளம் போதும். அதன் நடுப்பகுதியில் இரு பக்கமும் மூன்று மூன்று கீற்றுகளை எடுத்து, நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஈர்க்கை உரித்துவிட வேண்டும். காலை வேளையில் எடுப்பது நல்லது. பலத்த மழை பெய்தால் ஒன்றரை நாளாவது பொறுக்கணும். சாம்பல்சத்து ஓலையிலிருந்தே கழுவிப் போய்விடும். ஒரே மண், ஒரே வயது, ஒரே ரகம் உள்ள 20, 25 மரங்களின் கீற்றுகளைச் சேர்த்தால் ஒரு மாதிரி. நோய் கண்ட மரத்தையும் வரப்போர மரத்தையும் தவிர்க்கவும்.

உலர்ந்த எடையில் தழைச்சத்து 1.8 முதல் 2.0 சதவீதம், மணிச்சத்து 0.12, சாம்பல்சத்து 0.8 முதல் 1.0 என்பவை பரவலாகக் கையாளப்படும் எல்லைகள். இதற்குக் கீழே போனால் மரம் பசியோடு இருக்கிறது என்று பொருள், பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும்கூட.

இனி உப்பு சமாச்சாரம். தென்னங்குழியில் உப்புப் போடும் பாட்டன் காலத்துப் பழக்கத்தைப் படித்தவர்கள் கேலி செய்தது உண்டு. 1970-களில் பிலிப்பைன்சில் நடந்த ஆய்வுகள் தென்னைக்குக் குளோரின் ஒரு முக்கியச் சத்து என்று காட்டின. ஓலையில் அது சுமார் அரை சதவீதம் இருக்க வேண்டும். நாம் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடுதான். கடலிலிருந்து தள்ளி இருக்கிற தோப்பில் அந்த உரத்தால் மரம் தேறினால், தேற்றியது பொட்டாஷா குளோரினா என்று ஓலையைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 500 கிராம், மணிச்சத்து 320, சாம்பல்சத்து 1200 என்பது பொதுவான பரிந்துரை. கடைசியாகச் சொன்னது மட்டும் 2 கிலோ பொட்டாஷ் உரம். ஏற்கெனவே எல்லைக்கு மேலே இருக்கும் மரத்துக்கு அதை ஆண்டுதோறும் கொட்டினால் காசு போவதோடு மக்னீசியமும் உள்ளே வராது, அடி ஓலைகள் மஞ்சளாகும். அதைக் கண்டு "சத்து குறைஞ்சிடுச்சு" என்று இன்னும் பொட்டாஷ் வைப்பவர்கள் நிறையப் பேர்.

லீவில் ஊருக்குப் போகும்போது மாதிரி எடுக்கிற மரங்களுக்குப் பெயின்டில் எண் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே மரங்களில், அதே மாதத்தில் எடுத்தால்தான் முந்தைய அறிக்கையோடு ஒப்பிட முடியும்.