பைக்குக்குப் பளபளப்பு, ஃபில்டருக்கு மிச்சம்... பெயின்ட் பூத் குப்பையைக் குறைப்பது எப்படி?

வாசலில் நிற்கும் பைக், தெருவில் போகும் கார், அறையில் இருக்கும் இரும்பு பீரோ... இவற்றின் பளபளப்பு எல்லோர் கண்ணிலும் படும். ஆனால், பெயின்ட் அடிக்கும்போது பொருளில் ஒட்டாமல் பறந்துபோன பெயின்ட் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அதில் பெரும்பகுதி ஃபில்டர்களில் படிந்து, தொழிற்சாலையின் பின்வாசல் வழியாகக் குப்பையாக வெளியேறுகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என வாகனத் தொழில் பரவிய ஊர்களிலும், பம்ப்செட்டுக்குப் பெயர்போன கோவையிலும் இது அன்றாடப் பிரச்னை. இந்தக் குப்பையைக் குறைக்கப் பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. வேலையைத் தொடங்க வேண்டிய இடம் பெயின்ட்டரின் கையில் இருக்கும் ஸ்ப்ரே கன்.

பூத்துக்குள் என்ன நடக்கிறது?

பெயின்ட் பூத் என்பது காற்று ஒரே திசையில் ஓடும் அறை. உள்ளே வரும் காற்றில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஃபில்டர் வரிசை. வெளியே போகும் காற்றில் இருக்கும் பெயின்ட் துளிகளைப் பிடிக்க இன்னொரு வரிசை. பொருளைத் தவறவிட்டுப் பறக்கும் இந்தத் துளிகளுக்குத் தொழிலில் ‘ஓவர்ஸ்ப்ரே’ என்று பெயர். கண்ணாடி இழை, மடித்த அட்டை போன்றவற்றால் ஆன ஃபில்டர்கள் இதைப் பிடித்துவைக்கும். அடைத்துக்கொண்டதும் கழற்றி எறிய வேண்டியதுதான். பெரும்பாலானவற்றைக் கழுவி மறுபடி மாட்ட முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பொருளின் மேல் 1 லிட்டர் பெயின்ட் படிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கன்னிலிருந்து கிளம்பும் பெயின்ட்டில் 30% மட்டுமே பொருளில் ஒட்டினால், மொத்தம் சுமார் 3.3 லிட்டர் அடிக்க வேண்டும். 2.3 லிட்டர் வீண். அதே வேலையில் 65% ஒட்டினால், சுமார் 1.5 லிட்டர் போதும். வீணாவது அரை லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

ஒட்டும் அளவு இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியதும், பறக்கும் பெயின்ட் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஃபில்டரின் ஆயுள் நீள்வதோடு, பெயின்ட் செலவும் பாதிக்கு மேல் குறைகிறது.

இதற்காகவே ‘ஹெச்.வி.எல்.பி’ வகை கன்கள் வந்தன. இவை அதிகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் அனுப்புகின்றன. முனையில் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ-யைத் தாண்டாது. அதனால் துளிகள் பொருளில் மோதித் தெறிப்பது குறைகிறது. மின்னூட்டம் கொடுத்துப் பெயின்ட்டைப் பொருளை நோக்கி ஈர்க்கவைக்கும் எலெக்ட்ரோஸ்டேட்டிக் முறையில் இன்னும் அதிகம் ஒட்டும்.

கை பழகினால் குப்பை குறையும்

நல்ல கன் வாங்கினால் மட்டும் போதாது. கன்னைப் பொருளுக்கு நேராக, ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ தூரத்தில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டக் கூடாது. ஓரம் வந்ததும் டிரிக்கரை விட வேண்டும். கம்ப்ரஸர் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றினால், அத்தனையும் ஃபில்டருக்குத்தான் போகும்.

கார்களுக்கு மறுபெயின்ட் அடிக்கும் பட்டறைகளுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் கொண்டுவந்த விதியில், பூத் ஃபில்டர் 98% பிடிக்க வேண்டும் என்று இருக்கிறது. கூடவே பெயின்ட்டர்களுக்குப் பயிற்சி கட்டாயம், 5 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்நாட்டின் நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் கழிவு குறைப்பு மையம், கன்னில் மாட்டும் லேசர் கருவி ஒன்றையே உருவாக்கியது. தூரம் சரியாக இருந்தால் இரண்டு ஒளிப்புள்ளிகள் ஒன்றாகச் சேரும். தவறினால் பிரிந்து நிற்கும்.

காலண்டரா, மானோமீட்டரா?

‘சனிக்கிழமை வந்தால் ஃபில்டர் மாற்று’ என்று கிழமைக் கணக்கில் மாற்றினால், பாதி ஆயுள் மிச்சமுள்ள ஃபில்டரும் குப்பைக்குப் போகும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானோமீட்டர் இதற்குத் தீர்வு. புது ஃபில்டர் மாட்டிய அன்றைய அளவைக் குறித்துவைத்து, தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தொட்டதும் மாற்றினால் போதும்.

அந்த எல்லையைத் தாண்டி ஓட்டுவது சிக்கனமாகாது. அடைத்த ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்தால், பெயின்ட் புகை பெயின்ட்டரைச் சுற்றியே நிற்கும். வாகனங்களுக்கு அடிக்கும் இரண்டு பாகக் கலவை பெயின்ட்களில் இருக்கும் ஐசோசயனேட், ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், ஒருவரின் மூச்சைப் பணயம் வைக்கக் கூடாது.

மறுபடி பயன்படும் வழிகள்

பவுடர் கோட்டிங் முறையில், ஒட்டாத பொடியைச் சேகரித்துச் சலித்து மறுபடி அடிக்க முடியும். கார் ஆலைகளுக்காக ஜெர்மனியின் டூர் நிறுவனம் உருவாக்கிய முறையில், சுண்ணாம்புக்கல் பொடி ஓவர்ஸ்ப்ரேயைப் பிடித்துக்கொள்கிறது. பயன்படுத்திய பொடி சிமென்ட் ஆலைக்கு மூலப்பொருளாகப் போகலாம். இது பெரிய ஆலைகளுக்கான முதலீடு.

கழற்றிய பிறகும் கவனம்

பெயின்ட் படிந்த ஃபில்டர்களை மூலையில் குவித்துவைத்தால், சில வகைப் பெயின்ட்கள் காயும்போது தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். அதனால்தான் அவற்றை உடனே பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டிரம்மில் போட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி.

இந்தியாவில் அபாயகரமான கழிவுகளுக்கான 2016-ம் ஆண்டு விதிகள், ‘முதலில் கழிவு உருவாவதைத் தடு, பிறகு குறை, கடைசியாகத்தான் அப்புறப்படுத்து’ என்று வரிசைப்படுத்துகின்றன. அபாயகரமான கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். தமிழகத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படியொரு நிலையம் இருக்கிறது. தூசி மட்டும் படிந்த உள்வரும் காற்று ஃபில்டர்களையும் பேக்கிங் அட்டைகளையும் இதோடு கலக்காமல் பிரித்துவைத்தாலே, அபாயக் கழிவின் எடையும் அனுப்பும் செலவும் குறையும்.

ஒரு சிறு பட்டறை இதைத் தொடங்க 40 பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் மானோமீட்டர் அளவு, அடித்த பெயின்ட் லிட்டர், ஃபில்டர் மாற்றிய தேதி என மூன்றே விஷயங்களை எழுதிவந்தால், எந்த ஷிஃப்டில், எந்த வேலையில் பெயின்ட் பறக்கிறது என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.