ஒரு மரம் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும்?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு உடைந்தபோது நம் நேரம் காலை 6.29. ஒன்பது மணி வாக்கில் அலை தமிழகக் கரையைத் தொட்டுவிட்டது. இந்த இரண்டரை மணி நேரத்தைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமியின் வேகம் கிடைக்கும். 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் சுமார் 36 கிலோமீட்டர். கடலில் கணக்கு இவ்வளவு எளிது. கரையில் உயிருள்ள காடு ஒன்று நின்றால்தான் சிக்கல்.

கடலூர் மாவட்டத்தில் அன்று அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தச் சேற்று நிலத்து மரம்தான். காட்டுக்கு முன்னால், கடலோர மணல்திட்டில் இருந்த குடியிருப்புகள் துடைத்தெறியப்பட்டன. பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. காடு காப்பாற்றியது என்று மீனவர்கள் சொன்னார்கள். அதை எண்ணில் சொல்ல முடியுமா?

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கிருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குடியிருப்புகளின் இழப்பைக் கணக்கெடுத்து, காடுகள் சுனாமியின் கேட்டைக் குறைத்தன என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு டேனியல்சன் குழுவினர் கடலூர்க் கரையைப் பற்றி ‘சயின்ஸ்’ இதழில் எழுதியதும் கிட்டத்தட்ட அதையேதான். சவுக்குத் தோப்புகளில் கடலை ஒட்டிய 5 முதல் 10 வரிசை மரங்கள் மட்டுமே வேரோடு சாய்ந்தன என்பது அவர்கள் கண்ட இன்னொரு விவரம்.

மறு ஆண்டே எதிர்ப்பு வந்தது. கெர், பெயர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அந்த 18 ஊர்களின் எண்களையே எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். கடலிலிருந்து தூரம், நிலத்தின் உயரம் ஆகிய இரண்டையும் முதலில் கணக்கில் சேர்த்துவிட்டால், ஊருக்கு ஊர் சாவு வேறுபட்டதற்குக் காட்டின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை என்றார்கள்.

எனக்குக் கெர் குழுவினரின் கேள்வி நியாயமாகவே படுகிறது. அதற்காக அவர்களுடைய விடை முடிந்த விடை ஆகிவிடாது. சுரபுன்னை மணல்திட்டுக்கு உள்ளே, உப்பங்கழியில் வளர்கிற மரம். அதற்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலுக்குத் தள்ளி இருக்கும். தூரமும் காடும் சேர்ந்தே வருகிற இடத்தில், எது காப்பாற்றியது என்று 18 ஊர்களை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். காட்டை எடுத்துவிட்டு அதே அலையை இன்னொரு முறை வரச்சொல்ல முடிந்தால் தெரியும்.

கணினியில் அப்படிச் செய்யலாம். அதற்கு மரத்தை இயற்பியலின் கண்ணால் பார்க்க வேண்டும். ஓடும் நீரில் நிற்கும் தண்டின் மீது விழும் இழுவிசை, நீரின் அடர்த்தி, தண்டு மறைக்கும் பரப்பு, வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. 20 செ.மீ. தடிமனுள்ள மரம் 2 மீட்டர் ஆழ வெள்ளத்தில் நிற்கிறது, நீர் நொடிக்கு 4 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டின் மீது விழும் விசை சுமார் 3,200 நியூட்டன், அதாவது 300 கிலோவுக்கு மேற்பட்ட எடை. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. மரம் எவ்வளவு விசையை வாங்குகிறதோ அவ்வளவையும் நீர் இழக்கிறது. காடு செய்கிற வேலை இவ்வளவுதான்.

ஹிராய்ஷி, ஹரதா என்ற ஜப்பானியர்கள் சுனாமிக்கு முந்தைய ஆண்டே இதைக் கணக்கிட்டிருந்தார்கள். 100 சதுர மீட்டருக்கு 30 மரம், 100 மீட்டர் அகலம்: இப்படி ஒரு காடு இருந்தால் வெள்ளத்தின் உச்ச அழுத்தம் 90 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடும். ஒரு மீட்டர் அகலத்தில் பாய்கிற நீர் காட்டைக் கடப்பதற்குள் 30 தண்டுகளில் மோத வேண்டும் என்பதே இதன் பொருள். ஆனால் எல்லா உயரத்திலும் காடு ஒரே மாதிரி எதிர்ப்பதில்லை. கீழே சுரபுன்னையின் முட்டு வேர்கள் நெருக்கமான வலை. அதற்கு மேலே வெறும் தண்டு, இன்னும் மேலே போனால் மறுபடி கிளையும் இலையும். தண்ணீர் எந்த மட்டத்தில் வருகிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

மரம் முறிந்தால் கணக்கே வேறு. நீர் தள்ளும் விசை தண்டின் விட்டத்துக்கு நேர் விகிதம். வளைந்து முறியாமல் தாங்கும் வலுவோ விட்டத்தின் கனத்துக்கு நேர் விகிதம். தடிமன் இரட்டித்தால் சுமை 2 மடங்கு, வலு 8 மடங்கு. தாய்லாந்தின் பக்கராங் முனையில் சுனாமி தாக்கிய காட்டை யானகிசாவா குழு அளந்தபோது, 25 முதல் 30 செ.மீ. தடிமனுள்ள மரங்களில் 72 சதவீதம் நின்றிருந்தன. 15 முதல் 20 செ.மீ. மரங்களில் நின்றவை 19 சதவீதமே. முறிந்த மரம் யாரையும் காக்காது, வெள்ளத்தோடு வந்து இடிக்கவும் செய்யும். ஆகவே “காடு காத்ததா?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எத்தனை வயதுக் காடு, எவ்வளவு அகலம், எவ்வளவு உயர அலை என்று கேட்டால்தான் விடை உண்டு.

சுனாமியை வைத்தே காட்டின் மதிப்பைப் பேசுவது எனக்கு உவப்பில்லை. அது எப்போதோ வருவது. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கு அருகே கரை கடந்த தானே போன்ற புயல்கள் அடிக்கடி வருகின்றன. புயல் எழுப்பும் குட்டை அலைகளிடம் காட்டின் வேலை இன்னும் தெளிவு. வியட்நாமில் மஸ்தா குழு கண்டது இது: ஆறு வயது மரங்கள் ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு நின்றால், கடலில் ஒரு மீட்டர் உயரமாக இருக்கும் அலை கரைக்கு வரும்போது 5 செ.மீ. ஆகிவிடும். மரமில்லாவிட்டால் 75 செ.மீ. இருக்கும்.

பிச்சாவரத்தில் காட்டைப் பழையபடி கொண்டுவந்ததும் நீரின் கணக்குதான். முன்பு பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டிய இடங்களில் சேறு காய்ந்து, மண் அமுங்கிப் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கியது. வெயில் நீரை மட்டும் கொண்டுபோனது, உப்பு அங்கேயே தங்கியது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் பாதி வற்றினால் 70 கிராம். அடுத்த ஓதம் அதன் மேல் இன்னும் உப்பைச் சேர்க்கும். அங்கே விதை முளைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு வெளியே வடிய வைத்தார்கள். ஓதத்தின் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்குள் அடங்குவதால், சரிவு சற்றுப் பிசகினாலும் நீர் நின்றுவிடும்.

கால்வாயை வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடவும் முடியாது. நட்ட கன்றுகள் வேர்விட்டதும் அதே இழுவிசை நீரின் வேகத்தைக் குறைக்கிறது, வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலைக் கால்வாயிலேயே இறக்கிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் இறங்கித் தூர்வார வேண்டியிருக்கிறது.