தொலைத்தொடர்புத் துறையில் முகவர் வழி வேலைவாய்ப்பு (இந்தியா)

தொலைத்தொடர்புத் துறையில் முகவர் வழி வேலைவாய்ப்பு என்பது, செல்லிடத் தொலைபேசி, அகலப்பட்டை இணையம், கோபுரப் பராமரிப்பு முதலிய பணிகளுக்கு வேண்டிய ஆட்களைச் சேவை நிறுவனங்கள் நேரடியாக அமர்த்தாமல், பணியாளர் வழங்கு நிறுவனம் ஒன்றின் ஊடாகப் பெற்றுக்கொள்ளும் முறையாகும். இம்முறையில் பணியாளர் வேலை செய்யும் இடம் ஒன்றாகவும், அவருக்கு நியமனக் கடிதமும் ஊதியமும் வழங்கும் நிறுவனம் வேறாகவும் இருக்கும். எனவே "பணியாளரின் வேலையளிப்பவர் யார்?" என்னும் வினா இம்முறையின் மையமாக உள்ளது. ஊதியம், விபத்து இழப்பீடு, பணிக்கொடை, பணி நிரந்தரம் ஆகிய ஒவ்வொன்றிலும் இவ்வினாவுக்குச் சட்டம் தரும் விடை ஒரே மாதிரியாக இல்லை.

முகவர்களின் வகைகள்

பேச்சு வழக்கில் "ஏஜென்சி" என்றும் "கன்சல்டன்சி" என்றும் அழைக்கப்படும் நிறுவனங்களை இரு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆட்சேர்ப்பு முகவர். இவர் தகுதியானவரைத் தேடித் தருவதோடு இவரது பணி முடிந்துவிடும். வேலை கிடைத்தவர் சேவை நிறுவனத்தின் நேரடிப் பணியாளர் ஆவார்.

இரண்டாவது, பணியாளர் வழங்கு நிறுவனம். இது பணியாளரைத் தன் சொந்த ஊதியப் பட்டியலில் வைத்துக்கொண்டு, சேவை நிறுவனத்திற்கு வேலை செய்ய அனுப்புகிறது. தொலைத்தொடர்புத் துறையின் களப்பணிகளிலும் விற்பனைப் பணிகளிலும் இவ்வகையே பரவலாகக் காணப்படுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் இவ்வகையைப் பற்றியதாகும்.

வரலாறு

இந்தியாவில் தொலைபேசிச் சேவை நீண்ட காலம் அரசுத் துறையாக இருந்தது. அக்காலத்திலும் கம்பி வடம் புதைத்தல், கம்பம் நடுதல் போன்ற பணிகளுக்குத் தினக்கூலிகள் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். ஆனால் அவர்களை அமர்த்தியது அரசுத் துறையே. 1987 ஆம் ஆண்டில் அஞ்சல் தந்தித் துறைத் தினக்கூலித் தொழிலாளர் தொடுத்த வழக்கில், ஒத்த பணியிலுள்ள நிரந்தரப் பணியாளரின் ஊதிய வீதத்தில் குறைந்தபட்ச அளவையேனும் அவர்களுக்கு வழங்குமாறும், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றியவர்களை உள்ளீர்க்கத் திட்டம் வகுக்குமாறும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இதன் தொடர்ச்சியாகத் தொலைத்தொடர்புத் துறை 1989 இல் தற்காலிகத் தகுதி மற்றும் முறைப்படுத்தல் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளிக்கும் துறைக்கும் இடையே வேறொருவர் இல்லாதது அவர்களது கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது எனலாம்.

1994 ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வழி திறந்தது. 1995 சூலை 31 அன்று நாட்டின் முதல் செல்லிடப்பேசி அழைப்பு கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. 2000 அக்டோபர் 1 அன்று அரசின் தொலைபேசிச் சேவைப் பிரிவு பிஎஸ்என்எல் என்னும் நிறுவனமாக மாற்றப்பட்டது.

பணியாளர் வழங்கு தொழிலும் ஏறக்குறைய இதே காலத்தில் வளர்ந்தது. 1992 இல் சென்னையில் கே. பாண்டியராஜன் தொடங்கிய மா ஃபா நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பின்னர் இது வெளிநாட்டு நிறுவனமான வெடியாரின் வசம் சென்று, 2008 இல் அந்நிறுவனத்தை ராண்ட்ஸ்டாட் வாங்கியபோது அதன் பகுதியாயிற்று. டீம்லீஸ் 2002 இலும், குவெஸ் 2007 இலும் தொடங்கப்பட்டன.

2004 இல் ஏர்டெல் தன் வலையமைப்பை நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பை எரிக்சன் முதலிய கருவி உற்பத்தியாளர்களிடமும், தகவல் தொழில்நுட்பப் பணிகளை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்தது. இது பிற நிறுவனங்களும் பின்பற்றிய முன்மாதிரியாக அமைந்தது. 2007 இல் உருவான இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்கள் கோபுரங்களைத் தனித் தொழிலாகப் பிரித்தன. இவற்றின் விளைவாகச் சேவை நிறுவனம், கருவி நிறுவனம், துணை ஒப்பந்தக்காரர், பணியாளர் வழங்கு நிறுவனம் என்ற பல அடுக்குச் சங்கிலி ஒன்று உருவாயிற்று.

பணி வகைகள்

முகவர் வழியாக நிரப்பப்படும் முக்கியப் பணிகள் வருமாறு:

கோபுரத் தொழில்நுட்பர்: மின்கலங்கள், டீசல் மின்னாக்கி, குளிரூட்டி, எச்சரிக்கைக் குறிகள் ஆகியவற்றைக் கவனிப்பவர். ஒருவரிடம் பல கோபுரங்கள் ஒப்படைக்கப்படுவதுண்டு.

ரிக்கர்: கோபுரத்தின் மீது ஏறி அலைவாங்கிகளையும் வடங்களையும் பொருத்துபவர். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியும் உடல் தகுதியும் இதற்குத் தேவை.

ஒளியிழை இணைப்பாளர்: அறுந்த ஒளியிழைகளை உருக்கி இணைப்பவர். அறுபட்ட இடத்தின் தொலைவை ஓடிடிஆர் எனப்படும் கருவியால் கண்டறிவார்.

அலைவலிமை அளவைப் பொறியாளர்: வண்டியில் சென்றவாறே கணினியும் கைபேசியும் கொண்டு அலையின் தரத்தை அளப்பவர். இது துறையில் டிரைவ் டெஸ்ட் எனப்படுகிறது.

இல்ல இணைப்பு நிறுவுநர்: வீடுகளுக்கு ஒளியிழை அகலப்பட்டை இணைப்புக் கொடுப்பவர்.

விற்பனை மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்: சிம் அட்டை விற்பனை, கடைகளில் கைபேசி விளம்பரம், அழைப்பு மையப் பணி ஆகியவற்றைச் செய்பவர்.

தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ், மின்னணுவியல் பட்டயம் அல்லது பொறியியல் பட்டம் ஆகியன தொழில்நுட்பப் பணிகளுக்குப் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. தொலைத்தொடர்புத் துறைத் திறன் மன்றம் இப்பணிகளில் பலவற்றுக்குத் தகுதித் தரங்களை வகுத்துள்ளது.

பணியமர்த்தும் முறை

வேலை நாடுபவரை முதலில் முகவர் நிறுவனம் தெரிவு செய்கிறது. பின்னர் சேவை நிறுவனத்தின் வட்டார மேலாளர் அவரை நேர்காண்கிறார். அவர் ஒப்புக்கொண்டதும் முகவர் நிறுவனத்தின் பெயரில் நியமனக் கடிதம் வழங்கப்படுகிறது. அதில் பணிக்காலம், ஊதியம், அனுப்பப்படும் நிறுவனம், பணியிடம், விலகல் அறிவிப்புக் காலம் ஆகியன இடம்பெறும். அன்றாட வேலையைச் சேவை நிறுவன அலுவலரே பணிக்கிறார். வருகைப் பதிவு முகவருக்கு அனுப்பப்பட்டு, அதன் அடிப்படையில் ஊதியம் கணக்கிடப்படுகிறது.

முகவரின் வருவாய் சேவை நிறுவனம் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. வேலை நாடுபவரிடம் பணம் பெறுவது இத்தொழிலின் இயல்பான முறை அன்று. பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 1997 ஆம் ஆண்டைய 181 ஆம் ஒப்பந்தம், பொது விதியாகத் தொழிலாளரிடம் கட்டணம் பெறுவதைத் தடுக்கிறது. இந்தியா அவ்வொப்பந்தத்தை ஏற்புறுதி செய்யவில்லை. எனினும், பதிவுக் கட்டணம், காப்புத் தொகை, பயிற்சிக் கட்டணம் என்ற பெயர்களில் முன்பணம் கேட்பது மோசடியின் முதன்மையான அறிகுறியாகக் கருதப்படுகிறது.

சேவை நிறுவனத்துக்கும் முகவருக்கும் இடையே இரு வகையான உடன்பாடுகள் உள்ளன. ஒன்றில் முகவர் தன் பணத்திலிருந்து முதலில் ஊதியம் வழங்கிப் பின்னர் அதனைப் பெற்றுக்கொள்கிறார். மற்றொன்றில் சேவை நிறுவனத்திடமிருந்து பணம் வந்த பின்னரே ஊதியம் வழங்குகிறார். இரண்டாம் வகையில் மேலடுக்கில் ஏற்படும் தாமதம் நேராகப் பணியாளரின் ஊதியத்தில் வந்து முடிகிறது.

ஊதியமும் பிடித்தங்களும்

விளம்பரத்தில் காணப்படும் தொகை பெரும்பாலும் நிறுவனத்திற்கு ஆகும் மொத்தச் செலவு ஆகும். கையில் கிடைக்கும் தொகை இதனினும் குறைவு. எடுத்துக்காட்டாக, மாத ஊதியம் 15,000 ரூபாய் மட்டும் எனக் கொள்வோம்.

வருங்கால வைப்பு நிதிக்குப் பணியாளர் பங்கு 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய். ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு அவரது பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 113 ரூபாய். எனவே கையில் கிடைப்பது 13,087 ரூபாய்.

வேலையளிப்பவர் தம் பங்காக வைப்பு நிதிக்கு 1,800 ரூபாயும், அதன் நிருவாகம் மற்றும் காப்பீட்டுக்காக 150 ரூபாயும், ஈஎஸ்ஐக்கு 3.25 விழுக்காடாக 488 ரூபாயும் செலுத்துகிறார். எனவே மொத்தச் செலவு 17,438 ரூபாய். முகவரின் சேவைக் கட்டணமும் சரக்கு மற்றும் சேவை வரியும் இதற்கு மேலாகும்.

இரு தொகைகளுக்கும் இடையிலான 4,351 ரூபாய், பணியாளர் பெயரில் உரிய கணக்குகளில் செலுத்தப்பட வேண்டியது. அது செலுத்தப்படாவிட்டால் முதுமைக்கால சேமிப்பும் மருத்துவ உரிமையும் ஒருங்கே இழக்கப்படுகின்றன. 2014 இல் அறிமுகமான யுஏஎன் எண் மூலம் பணியாளர் தம் வைப்பு நிதிக் கணக்கைத் தாமே பார்க்கலாம். முகவர் மாறினாலும் இவ்வெண் மாறுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. குறிப்பிட்ட நிறுவனம் வைப்பு நிதி அமைப்பில் பதிவு பெற்றுள்ளதா என்பதை அவ்வமைப்பின் இணையத்தளத்தில் எவரும் தேடி அறியலாம்.

சட்ட நிலை

ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்தல் மற்றும் ஒழிப்பு) சட்டம், 1970, இத்துறையை நீண்ட காலம் ஆண்டது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கு இது பொருந்தியது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும் என்றும், அவர் ஊதியம் வழங்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் அதனை வழங்க வேண்டும் என்றும் அது விதித்தது. இங்கு முதன்மை வேலையளிப்பவர் என்பது வேலையைச் செய்வித்துக்கொள்ளும் நிறுவனத்தைக் குறிக்கும்.

முகவர் வழி வந்தவர் சேவை நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர் ஆக முடியுமா என்பதில் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு மாறியுள்ளது. ஒரு பணியில் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால், அதிலுள்ள தொழிலாளர் தாமாகவே முதன்மை வேலையளிப்பவரின் பணியாளர் ஆவர் என 1996 இல் ஏர் இந்தியா வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. 2001 இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, தானாக உள்ளீர்க்கும் உரிமை இல்லை என்றது. எனினும், ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு எனத் தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவப்பட்டால், தொழிலாளர் முதன்மை வேலையளிப்பவரின் பணியாளராகவே கொள்ளப்படுவர்.

1970 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, பணியிடப் பாதுகாப்பு, நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020, ஏனைய மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுடன் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கிய மாற்றங்களாவன:

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பகுதி பொருந்துவதற்கான எண்ணிக்கை 50 ஆக உயர்த்தப்பட்டது.

நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவது தடுக்கப்பட்டது. எனினும் வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் மூலம் செய்யப்படும் பணி, திடீரெனப் பெருகும் பணி முதலியவற்றுக்கு விலக்கு உண்டு.

ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயமாக்கப்பட்டது.

காலமுறை ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெற்று, ஒப்பந்தக்காரரிடம் முறையான பணியில் இருப்பவர் "ஒப்பந்தத் தொழிலாளர்" என்னும் வரையறைக்குள் வரமாட்டார்.

முகவர் ஊதியம் வழங்கத் தவறினால் ஒப்பந்தத் தொழிலாளருக்கு முதன்மை வேலையளிப்பவர் அதனை வழங்க வேண்டும் என்ற பொறுப்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி மாத ஊதியம் அடுத்த மாதத்தின் 7 ஆம் நாளுக்குள் வழங்கப்பட வேண்டும்.

சிக்கல்களும் விமர்சனங்களும்

பணித்தொடர்ச்சி: சேவை நிறுவனம் முகவரை மாற்றும்போது, அதே கோபுரத்தில் அதே வேலையைச் செய்பவர் புதிய முகவரின் பட்டியலுக்கு மாற்றப்படுவதுண்டு. பணிக்கொடைக்குப் பொதுவாக ஒரே வேலையளிப்பவரிடம் ஐந்தாண்டு தொடர்ந்த பணி தேவை. முகவர் மாறும்போது இக்கணக்கு புதிதாகத் தொடங்கப்பட்டால், பல்லாண்டு உழைத்தவரும் பணிக்கொடை பெறாமல் போகக்கூடும். 2025 இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், குறித்த காலப் பணியாளருக்கு ஐந்தாண்டு நிபந்தனையைத் தளர்த்தியுள்ளது. ஆகவே நியமனக் கடிதத்தில் பணியின் தன்மை எவ்வாறு குறிப்பிடப்பட்டுள்ளது என்பது முக்கியமாகிறது.

பாதுகாப்பு: கோபுரத்திலிருந்து விழுதல், மின் தாக்குதல் ஆகியன களப்பணியின் இயல்பான இடர்கள். பாதுகாப்புக் கச்சை, தலைக்கவசம், பயிற்சி ஆகியவற்றை எந்த அடுக்கில் உள்ளவர் வழங்குவது என்பது சங்கிலி நீளும்போது தெளிவற்றுப் போகிறது. ஒப்பந்தக்காரரின் தொழிலாளி விபத்துக்குள்ளாகும்போது இழப்பீட்டை முதன்மை நிறுவனத்திடமே கோரலாம் என்ற விதி 1923 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ளது. அந்நிறுவனம் பின்னர் ஒப்பந்தக்காரரிடமிருந்து அத்தொகையை மீட்டுக்கொள்ளலாம்.

துறையின் ஏற்ற இறக்கம்: 2012 இல் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் நீக்கியதும், 2016 இல் ஜியோ வந்த பின் போட்டி கடுமையானதும், 2018 இல் ஏர்செல் நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டதும் துறையின் வேலைவாய்ப்பைப் பாதித்தன. 2019 இல் பிஎஸ்என்எல் ஒப்பந்தத் தொழிலாளர் ஊதிய நிலுவைக்காகப் போராடினர். அவ்வாண்டில் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தை 78,000க்கும் மேற்பட்ட நிரந்தர ஊழியர் தெரிவு செய்து பயன்பெற்றனர். அத்திட்டம் ஒப்பந்தத் தொழிலாளருக்கு உரியதன்று. ஒரே நெருக்கடியில் இரு பிரிவினரின் நிலை எவ்வளவு வேறுபட்டது என்பதை இது காட்டுகிறது.

இம்முறையை ஆதரிப்போர், முன் அனுபவம் இல்லாத இளைஞர் துறைக்குள் நுழைய இது வழி செய்கிறது என்றும், முறையான முகவரிடம் பணிபுரிபவர் சிறு ஒப்பந்தக்காரரிடம் பணிபுரிபவரைவிட வைப்பு நிதி, காப்பீடு ஆகியவற்றை ஒழுங்காகப் பெறுகிறார் என்றும் கூறுகின்றனர். தொழிற்சங்கங்களோ, நிரந்தரத் தன்மை கொண்ட வேலைக்குத் தற்காலிகப் பெயர் சூட்டப்படுகிறது என வாதிடுகின்றன. 2022 அக்டோபரில் 5ஜி சேவை தொடங்கிய பின் நடந்த விரிவாக்கம் இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது. கோபுரம் அமைத்தல் ஒரு காலத்தில் முடிந்துவிடும் பணி. அதனைப் பராமரித்தல் முடிவில்லாத பணி. இவ்விரண்டையும் ஒரே ஒப்பந்த முறையில் நடத்தலாமா என்பதே இவ்விவாதத்தின் அடிப்படை ஆகும்.

இவற்றையும் பார்க்க

ஒப்பந்தத் தொழிலாளர்
தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்
ஒளியிழைத் தொடர்பு