முடி நடுகையில் அடர்த்தியும் மறைப்பும்

முடி நடுகை (முடி மாற்று அறுவை சிகிச்சை) என்பது தலையின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் உள்ள மயிர்க்கால்களை எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தில் பதிக்கும் மருத்துவ முறையாகும். இச்சிகிச்சையின் வெற்றி இரண்டு அளவைகளால் மதிப்பிடப்படுகின்றது. ஒரு சதுர சென்ரிமீட்டர் பரப்பில் எத்தனை முடிகள் உள்ளன என்பது அடர்த்தி. தலையின் தோல் பார்ப்பவர் கண்ணுக்கு எந்த அளவுக்குத் தெரியாமல் இருக்கின்றது என்பது மறைப்பு. இவ்விரண்டும் ஒன்றெனவே பலர் கருதுகின்றனர். விளம்பரங்களும் அக்குழப்பத்தைத் தீர்க்க முயல்வதில்லை.

வேலூரை அடுத்து, சவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள அமிர்திக் காடு இவ்வேறுபாட்டுக்கு எளிய எடுத்துக்காட்டாகும். சாலையில் நின்று பக்கவாட்டில் நோக்கினால் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைத்து இடைவெளியே இல்லாததுபோல் தோன்றும். அதே காட்டை நேர் மேலிருந்து நோக்கினால் மரங்களுக்கு இடையே தரை தெரியும். மரங்களின் எண்ணிக்கை மாறவில்லை, நோக்கும் கோணம் மட்டுமே மாறியது.

மயிர்க்கால் தொகுதி

தலைமுடி தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று முதல் நான்கு முடிகள் சேர்ந்து ஒரே துளையிலிருந்து வெளிவருகின்றன. இக்கூட்டம் மயிர்க்கால் தொகுதி எனப்படும். 1984 இல் ஹெடிங்டன் என்பவர் இவ்வமைப்பை விவரித்தார். இன்றைய முடி நடுகையில் 'கிராஃப்ட்' எனப்படும் ஒட்டுத்துண்டு பெரும்பாலும் இத்தகைய ஒரு தொகுதியே ஆகும். வழுக்கை இல்லாத தலையில் ஒரு சதுர சென்ரிமீட்டரில் ஏறத்தாழ 60 முதல் 100 தொகுதிகள் வரை இருக்கும். ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டு முடிக்குச் சற்று மேல் எனக் கொள்வது வழக்கம்.

பிறந்த பின்னர் தோலில் புதிய மயிர்க்கால்கள் உண்டாவதில்லை. இதனை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளில் நேரிலேயே காணலாம். சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய பின்னும் மயிர்த்துளைகளின் தடம் தோலின் மேற்புறத்தில் எஞ்சி நிற்கும். துளைகள் அமைந்துள்ள வரிசையைக் கொண்டே ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் எனப் பிரித்தறிகின்றனர். கன்றின் தோலில் துளைகள் நெருக்கமாகவும் வளர்ந்த மாட்டின் தோலில் விலகியும் காணப்படும். விலங்கு வளரும்போது தோல் விரிகின்றதேயன்றித் துளைகள் பெருகுவதில்லை. மனிதத் தலைக்கும் இதுவே விதி. எனவே முடி நடுகை முடியை உற்பத்தி செய்வதில்லை, இருப்பதை இடம் மாற்றி வைக்கின்றது.

இடம் மாற்றிய முடி உதிராமல் நிற்பதற்குக் காரணம், அது எடுக்கப்பட்ட இடத்தின் இயல்பைத் தன்னுடன் கொண்டு செல்வதே. நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரன்ட்ரைக் 1959 இல் இதனை விளக்கினார். அவர் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலத் துண்டுகள் நடப்பட்டன. அவை நாற்றங்கால் முடிச்சுகள்போல் தனித்துத் தெரிந்தன. 1990களில் தொகுதி தொகுதியாக நடும் முறை பரவிய பின்னரே அத்தோற்றம் மறைந்தது.

அடர்த்திக் கணக்கு

வழுக்கையின் பரப்பு 100 சதுர சென்ரிமீட்டர் என்றும், 2500 தொகுதிகள் நடப்பட்டன என்றும் கொள்வோம். ஒரு சதுர சென்ரிமீட்டருக்கு 25 தொகுதிகள்; தொகுதிக்கு 2.2 முடி எனில் 55 முடிகள். அதே தலையின் பின்புறத்தில் 80 தொகுதிகள், அதாவது 176 முடிகள் இருக்கக்கூடும். நட்டவை அனைத்தும் பிழைத்தாலும் கிடைப்பது இயல்பான அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆயினும் பலருக்கு இது போதுமானதாகத் தோன்றுகின்றது. இயற்கையாக முடி கொட்டும்போதும் ஏறத்தாழப் பாதி போன பிறகே பிறர் கண்ணுக்கு மெலிவு புலப்படும் என்பது மருத்துவர்களின் பொதுவான கணிப்பு.

இங்கு ஒரு சொற்குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். '4000 முடி' என்பதும் '4000 கிராஃப்ட்' என்பதும் ஒன்றல்ல. மேற்கண்ட கணக்கின்படி 4000 முடி என்பது ஏறத்தாழ 1800 கிராஃப்ட் மட்டுமே. கட்டணம் எதன்படி கணக்கிடப்படுகின்றது என்பதை எழுத்தில் பெறாதவர் பின்னர் அடர்த்தியைப் பற்றி முறையிட வழியில்லை.

மறைப்பைத் தீர்மானிப்பவை

எண்ணிக்கைக்கு அடுத்து மிக முக்கியமானது முடியின் பருமன். முடியின் குறுக்குவெட்டுப் பரப்பு அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 60 மைக்ரான் விட்டமுள்ள முடியைவிட 80 மைக்ரான் முடி ஒன்றேமுக்கால் மடங்குக்கும் மேலான பரப்பைக் கொண்டது. ஆகவே 30 தொகுதிகளில் தடித்த முடியுள்ளவர், 45 தொகுதிகளில் மெல்லிய முடியுள்ளவரைவிட நிறைவாகத் தோன்றலாம். சுருள் முடி நேரான முடியைவிட அதிக இடத்தை மறைக்கும். முடியின் நிறத்துக்கும் தோலின் நிறத்துக்கும் வேறுபாடு குறையும்போது இடைவெளி கண்ணில் படாது. கருமுடியும் மாநிறமும் உடைய தமிழர்களுக்கு இது ஓர் அனுகூலம்; வெளிர்ந்த தோலில் கருமுடி உள்ளவருக்கு அது இல்லை.

இடமும் முக்கியம். முன்நெற்றிப் பகுதியில் முடி ஒரே திசையில் சாய்ந்து, கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றது. உச்சிச் சுழியில் முடி எல்லாத் திசையிலும் விரிவதால் நடுவில் தோல் வெளிப்படும். ஒரே எண்ணிக்கையில் நட்டாலும் உச்சி மெலிந்தே தெரியும். நெற்றியின் விளிம்பில் ஒற்றை முடித் தொகுதிகளையும் அதற்குப் பின்னால் இரண்டு, மூன்று முடித் தொகுதிகளையும் நடுவதே முறை. விளிம்பிலேயே தடித்த தொகுதிகளை நெருக்கி நட்டால் அடர்த்தி எண் உயரும், தோற்றம் பொய்முடிபோல் ஆகிவிடும்.

எப்போது, எவ்வாறு அளப்பது

நட்ட முடி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் உதிர்ந்துவிடும். மயிர்க்கால் உள்ளே உயிருடன் இருப்பதால் இது தோல்வியன்று. மூன்றாம் அல்லது நான்காம் மாதத்தில் மெல்லிய முடி தோன்றி, மாதம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீட்டர் வீதம் வளரும். ஆறாம் மாதத்தில் மதிப்பிடுவது அவசரம். பொதுவாக 12 மாதங்களும், உச்சிப் பகுதிக்கு 15 முதல் 18 மாதங்களும் காத்திருக்க வேண்டும்.

அளப்பதற்கு, குறிக்கப்பட்ட ஒரு சிறு பரப்பில் முடியைக் கத்தரித்து, டெர்மாஸ்கோப் எனும் உருப்பெருக்கியால் தொகுதிகளையும் முடிகளையும் எண்ணுவர். சிகிச்சைக்கு முன் அதே இடத்தில் எண்ணப்படாவிட்டால் பிந்தைய எண்ணுக்குப் பொருளில்லை, ஏனெனில் அங்கு ஏற்கனவே இருந்த முடியும் அதில் சேர்ந்துவிடும். ஆய்வுகளில் புள்ளியளவு பச்சை குத்தி இடத்தை அடையாளப்படுத்துவதும் உண்டு.

ஒளிப்படங்களை ஒப்பிடுகையில் ஒளி, தூரம், கோணம், முடியின் நீளம், ஈரம் ஆகியவை முன்னும் பின்னும் ஒன்றாக இருத்தல் வேண்டும். முதற்படத்தில் ஈரமுடியும் மேலிருந்து விழும் கூரிய ஒளியும், இரண்டாவதில் உலர்ந்து நீண்டு வாரிய முடியும் இருப்பின் அப்படங்கள் எதையும் நிறுவுவதில்லை. முடியிடையே தூவப்படும் கெரட்டின் இழைத்தூளும் மெலிவை மறைக்கும்.

எடுத்த இடத்தையும் அளக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. 200 சதுர சென்ரிமீட்டர் கொடைப்பகுதியில் சதுர சென்ரிமீட்டருக்கு 75 வீதம் 15,000 தொகுதிகள் உள்ளன எனில், 5000 எடுத்தபின் எஞ்சுவது 50 வீதமே. ஒரே பக்கத்தில் மிகுதியாக எடுத்தால் பின்தலை பூச்சி அரித்ததுபோல் தோன்றும். அங்கு புதிய மயிர்க்கால் முளைக்காது.

ஒரே அமர்வில் எவ்வளவு

மிகுந்த அடர்த்தியை ஒரே நாளில் பெற விரும்புவது சிகிச்சை நேரத்தையும் மரப்பு மருந்தின் அளவையும் கூட்டுகின்றது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 420 மில்லிகிராம், அதாவது ஒரு விழுக்காட்டுக் கரைசலில் 42 மில்லிலீட்டர். நெருக்கி நடுவதால் தோலின் இரத்த ஓட்டம் குறைந்து, நட்டவை பிழைக்காமலும் போகலாம்.

2016 மே மாதத்தில் சென்னையில் முடி நடுகை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர், உடல்நிலை மோசமாகி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரிழந்தார். இந்நிகழ்வு தமிழகத்தில் இச்சிகிச்சையை யார், எங்கு செய்யலாம் என்ற கேள்வியை எழுப்பியது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இது குறித்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பயிலரங்குகளில் பார்த்தோ யூடியூப் காணொளிகளைக் கண்டோ கற்றுக்கொண்டு இதனைச் செய்தல் கூடாது என்றும், உரிய அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்றும் அது கூறுகின்றது.

காலப்போக்கில்

நட்ட முடி நிலைத்தாலும் அதனருகே உள்ள பழைய முடி வயதுடன் தொடர்ந்து உதிரக்கூடும். 25 வயதில் முன்நெற்றியை மட்டும் நெருக்கி நிரப்பிக்கொண்டவருக்கு 40 வயதில் அதன் பின்னால் வெற்றிடம் தோன்றி, முன்முடி தீவுபோல் நிற்கலாம். அப்போது கொடைப்பகுதியில் மிச்சம் இருந்தால் மட்டுமே அவ்விடத்தை நிரப்ப இயலும்.