பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்கு: தரவு மாற்றம் தாமதமாவது ஏன்?

முன்னுரை

ஓலைச்சுவடிகள் நெடுங்காலம் நிலைத்து நிற்பன அல்ல. கறையானும் ஈரமும் அவற்றை அழித்துவிடும். ஆதலின் நம் முன்னோர் ஒரு சுவடி சிதைவதற்கு முன்னரே அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வைத்தனர். அவ்வாறு பெயர்த்தெழுதப் பெறாத நூல்கள் பல இன்று பெயரளவிலேயே அறியப்படுகின்றன. கணிப்பொறியில் நாம் சேர்த்து வைக்கும் செய்திகளுக்கும் இது பொருந்தும். வன்தட்டும் அழியக்கூடிய பொருளே. குறித்த காலத்தில் அதிலுள்ளவற்றைப் புதியதொரு தட்டிற்கு மாற்றியாக வேண்டும். அம்மாற்றம் சில வேளைகளில் பொறுமையைச் சோதிக்கும் அளவிற்குத் தாமதமாகிறது. அத்தாமதத்தின் காரணங்களை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு களைவது என்பதை எம் துறையின் பட்டறிவு கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் துறையில் நிகழ்ந்தது

எம் துறையில் பதினைந்து ஆண்டுகள் உழைத்த கணிப்பொறி ஒன்று இருந்தது. மாணவர்தம் ஆய்வேடுகள், பழைய அச்சு நூல்களின் ஒளிப்படங்கள், சொல்லடைவுப் பணிக்காகத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்த ஏறத்தாழ 1,20,000 குறிப்புகள், சிற்றூர்களுக்குச் சென்று முதியோரிடம் பதிவு செய்த தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்கள் ஆகிய அனைத்தும் அதனுள் இருந்தன. மொத்த அளவு 180 ஜிகாபைட். புதிய கணிப்பொறி வந்தவுடன் வைஃபை வழியே இவற்றை மாற்றத் தொடங்கினோம். எஞ்சிய நேரம் 25 மணி எனத் திரை காட்டிற்று. சிறிது நேரங்கழித்து அதுவும் ஏறிக்கொண்டே போயிற்று. புதிய பொறியே பழுதுடையது, திருப்பி அனுப்பிவிடலாம் என்று எம்முள் சிலர் கருதினர். அக்கருத்துப் பிழையானது என்பது பின்னரே விளங்கியது.

முதலில் அளவை அறிதல்

வேகத்தைப் பற்றிப் பேசுமுன் அலகுகளைத் தெளிந்துகொள்ளுதல் நலம். வலையமைப்பின் வேகம் ‘பிட்’ கணக்கிலும், கோப்பின் அளவு ‘பைட்’ கணக்கிலும் கூறப்படுகின்றன. 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட். ஆகவே விநாடிக்கு 100 மெகாபிட் எனக் குறிக்கப்பெற்ற இணைப்பு, விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தர இயலாது. வழிச்செலவு போக 11 மெகாபைட் கிடைத்தாலே நிறைவு. இவ்வேறுபாட்டை அறியாதார், செவ்வனே இயங்கும் இணைப்பையும் பழுதுடையதென மயங்குவர்.

குறுகிய மடையைத் தேடுதல்

ஏரியில் நீர் நிறைந்திருப்பினும் மடை குறுகியதாயின் வயலுக்குச் சிறிதளவு நீரே பாயும். தரவு மாற்றமும் அத்தகையதே. பழைய வன்தட்டு, பழைய பொறியின் மென்பொருள்கள், இரண்டையும் இணைக்கும் வழி, புதிய பொறி, அதன் சேமிப்பகம் என ஐந்து நிலைகளைத் தரவு கடக்கிறது. இவற்றுள் மிகக் குறுகியது எதுவோ அதன் வேகமே முழுமையின் வேகமாகும். அதனை விடுத்து ஏனையவற்றை எத்துணை விரிவாக்கினும் பயனில்லை.

இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 1 ஜிகாபைட் அளவுள்ள ஒரே பெரிய கோப்பினை மாற்றி, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், அதே அளவு கொண்ட, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் அடங்கிய கோப்புறையை மாற்றி நேரம் குறிக்க வேண்டும். பெரியது விரைந்தும் சிறியவை தாமதித்தும் சென்றால் குறை கோப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டுமே தாமதித்தால் குறை வழியிலோ வன்தட்டிலோ இருத்தல் கூடும். அடுத்து, வழியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். வழி மாறியும் வேகம் மாறாவிடின் வன்தட்டையே ஐயுற வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் இச்சோதனையின் உயிர்நாடி. ஒருங்கே இரண்டை மாற்றின் எதனால் பயன் விளைந்தது என்பது தெரியாமற் போகும்.

வழியில் உள்ள தடைகள்

எம் சோதனையில் பெரிய கோப்பும் தாமதித்தே சென்றது. எனவே வழியை ஆராய்ந்தோம். பழைய பொறியின் வைஃபை கருவி 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 802.11ஜி தரத்தைச் சார்ந்தது. அதன் உச்ச வேகம் விநாடிக்கு 54 மெகாபிட். நடைமுறையில் இதில் பாதியும் கிடைப்பது அரிது. அன்றியும் இரு பொறிகளும் ஒரே அலைவரிசையில் ஒரே ரூட்டரோடு இணைந்திருந்தன. இந்நிலையில் ஒவ்வொரு தரவும் பழைய பொறியிலிருந்து ரூட்டருக்கும், ரூட்டரிலிருந்து புதிய பொறிக்குமாக இருமுறை காற்றில் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இருக்கும் வேகமும் இதனால் பாதியாகிறது. எமக்குக் கிடைத்தது விநாடிக்கு 2 மெகாபைட்டே. 180 ஜிகாபைட்டை அவ்வேகத்தால் வகுத்தால் 25 மணி வருவதில் வியப்பில்லை.

வைஃபையைக் கைவிட்டு லேன் கேபிளால் இரு பொறிகளையும் நேரே இணைத்தோம். வேகம் 11 மெகாபைட்டாக உயர்ந்தது. எனினும் இரு பொறிகளும் 1000 மெகாபிட் வேகத்திற்குத் தகுதியுடையன. இணைப்பின் நிலையைத் திரையில் நோக்கியபோது 100 மெகாபிட் என்றே காட்டிற்று. லேன் கேபிளினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு இணைகள் போதும். 1000 மெகாபிட்டிற்கு நான்கு இணைகளும் தேவை. ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு முற்றும் நின்றுவிடாமல் குறைந்த வேகத்திற்கு இறங்கிவிடுவதுண்டு. வேலை நடந்துகொண்டே இருப்பதால் பழுது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கேபிளை மாற்றியதும் பெரிய கோப்புகள் விநாடிக்கு 70 மெகாபைட் வேகத்தில் சென்றன.

யு.எஸ்.பி. வழியே வெளிவன்தட்டில் மாற்றுவோரும் இத்தகைய தடையைக் காண்பர். 2000ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் அளவினது. நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் கிடைக்கும். 2008இல் வந்த யு.எஸ்.பி. 3.0 விநாடிக்கு 5 ஜிகாபிட் அளவினது. புதிய தட்டினைப் பழைய செருகுவாயில் இணைத்தால் பழைய வேகமே கிடைக்கும். 3.0 செருகுவாய்கள் பலவற்றின் உட்புறம் நீல நிறமாக இருக்கும். பென் டிரைவ்களுள் மலிவானவை தொடக்கத்தில் விரைந்து, சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். மேலும் எஃப்.ஏ.டி. 32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள தனிக் கோப்பினை ஏற்காது.

சிறு கோப்புகளின் பெருஞ்சுமை

வழி சீராகிய பின் அடுத்த குறை வெளிப்பட்டது. சொல்லடைவுக் குறிப்புகளின் முறை வந்ததும் வேகம் மிகவும் தாழ்ந்தது. காரணம் யாதெனில், ஒவ்வொரு கோப்பிற்கும் பெயர், நாள், இடம் ஆகியவற்றைப் பதிய வேண்டியிருக்கிறது. வன்தட்டின் படிக்கும் முனையும் இடம்விட்டு இடம் நகர வேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிவிநாடி ஆகிறது. வேண்டிய பகுதி முனைக்கடியில் வரும்வரை சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். ஒரு கோப்பிற்கு 30 மில்லிவிநாடி மட்டுமே இவ்வாறு வீணாவதாகக் கொண்டாலும் 1,20,000 கோப்புகளுக்கு ஒரு மணி நேரம் வீணாகிவிடும்.

சிறு கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டி அனுப்புதல் இதற்கொரு தீர்வு. சுருக்கும் வேலையைச் செய்யாமல் வெறுமனே சேர்த்துக் கட்டுமாறு பணித்தால் பழைய பொறிக்குச் சுமை குறையும். அப்பொதியைப் பழைய தட்டிலேயே எழுதாமல், புதிய பொறியில் பகிரப்பட்ட கோப்புறையில் நேரே எழுதச் செய்தல் நன்று. ஒரே தட்டு படிக்கவும் எழுதவும் அலையும் நிலை இதனால் தவிர்க்கப்படும். ஆன்டிவைரஸ் மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பதும் தாமதத்திற்கு ஒரு காரணமாகும். ஆயினும் பலர் பென் டிரைவ் செருகிய பொறியில் அதனை நிறுத்துதல் தகாது. சிறிது தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை.

தாமதமே எச்சரிக்கையாகும்போது

இறுதியில் ஒலிப்பதிவுகளின் முறை வந்தது. அவை பெரிய கோப்புகளே. வழியும் சீராகவே இருந்தது. ஆயினும் வேகம் சுழியத்திற்கு இறங்கி, சில விநாடிகள் அங்கேயே நின்று, பின்னர் எழுந்து, மீண்டும் விழுந்தது. பழைய பொறியிலிருந்து ‘டிக், டிக்’ என மெல்லிய ஓசையும் எழுந்தது.

இத்தாமதம் முன்னர்க் கூறியவற்றினின்று வேறுபட்டது. வன்தட்டின் ஒரு பகுதியைப் படிக்க இயலாதபோது அத்தட்டு மீண்டும் மீண்டும் முயல்கிறது. அம்முயற்சியே நமக்குத் தாமதமாகத் தோன்றுகிறது. வன்தட்டுகள் தம் உடல்நலக் குறிப்பைத் தாமே எழுதி வைத்துக்கொள்ளும் முறைக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அதனைக் காணலாம். பழுதுற்று வேறிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகள் ஆகிய இரண்டின் எண்ணிக்கையையும் முதற்கண் நோக்க வேண்டும். எம் தட்டில் இரண்டாவது எண் சுழியமாக இல்லை. அடுத்த நாள் பார்த்தபோது அது மேலும் கூடியிருந்தது.

இந்நிலையில் விரைவைத் தேடுவது தவறு. தட்டு எத்தனை மணி நேரம் உயிரோடிருக்கும் என்பது எவர்க்கும் தெரியாது. ஆகவே எது பெரியது, எது சிறியது என்பதை விடுத்து, எதனை மீண்டும் பெற இயலாது என்பதையே கேட்க வேண்டும். ஆய்வேடுகளின் அச்சுப்படிகள் நூலகத்தில் உள்ளன. அச்சு நூல்களை மீண்டும் படமெடுக்கலாம். சொல்லடைவுக் குறிப்புகளையும் உழைத்தால் மீளத் தொகுக்கலாம். முதியோரின் குரலை மட்டும் மீண்டும் பெற வழியில்லை. பாடியவருள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. இவ்வரிசையை முதலிலேயே எண்ணியிருந்தால் ஒலிப்பதிவுகளையே முதலில் எடுத்திருப்போம். அகரவரிசையில் கோப்புறைகளை அனுப்பியது எமது பிழை.

இத்தகைய தட்டினை வழக்கமான முறையில் படியெடுத்தலாகாது. விண்டோசில் உள்ள ரோபோகாப்பி நல்ல கருவியே. இடையில் நின்றாலும் முன்னர்ச் சென்றவற்றை விடுத்து எஞ்சியதைத் தொடரும். ஆனால் படிக்க இயலாத கோப்பினை 10 இலட்சம் முறை, முறைக்கு 30 விநாடி இடைவெளி விட்டு முயலுமாறு அது இயல்பில் அமைந்துள்ளது. கணக்கிட்டால் ஒரு கோப்பிற்கே ஏறத்தாழ 347 நாள் ஆகும். மறுமுயற்சி 1, இடைவெளி 1 விநாடி என நாமே குறித்துத் தருதல் வேண்டும். தட்டின் நிலை மோசமாயின் குனூ டிடிரெஸ்கியூ என்னும் இலவசக் கருவியே ஏற்றது. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதுற்றவற்றைப் பின்னர் வந்து முயல்கிறது. யாம் பொறியை நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, தட்டினைக் கழற்றி, வேறொரு பொறியில் இணைத்து அக்கருவியால் எடுத்தோம். பணி இரண்டு நாள் நீடித்தது. விரைவு குறைந்த அவ்வழியே எமக்குக் கைகொடுத்தது.

மாற்றிய பின் சரிபார்த்தல்

எக்காரணம் கொண்டும் கோப்புகளை வெட்டி ஒட்டலாகாது. படியெடுத்தலே முறை. பழையதும் புதியதும் கோப்புகளின் எண்ணிக்கையிலும் மொத்த பைட் அளவிலும் ஒத்துள்ளனவா எனக் காண வேண்டும். இன்றியமையாத கோப்புகளுக்கு ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணை இருபுறமும் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும்.

தமிழ்க் கோப்புகளில் மற்றொன்றும் கருதத்தக்கது. யூனிகோடு பரவுவதற்கு முன்னர் எழுதப்பட்டவை டாம், டாப் முதலிய பழைய குறியீடுகளில் இருக்கும். உரிய எழுத்துரு புதிய பொறியில் இல்லையெனில் பொருளற்ற குறிகளாகவே அவை தோன்றும். மாற்றத்தில் பழுது நேர்ந்ததென அஞ்சி மீண்டும் தொடங்க வேண்டா. பழைய பொறியிலுள்ள எழுத்துருக்களையும் உடன் கொணர்ந்தால் போதும்.

முடிவுரை

புதிய பொறியில் குறையேதும் இல்லை. காற்றில் ஒன்று, கம்பியில் ஒன்று, கோப்பின் எண்ணிக்கையில் ஒன்று, தட்டின் முதுமையில் ஒன்று என நான்கு தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றை நீக்கிய பின்னரே அடுத்தது புலப்பட்டது. எனவே தாமதம் காணும் மாணவர் பொறியை நொந்துகொள்ளாமல் அளந்து பார்த்தல் வேண்டும். இல்லத்தில் திருமணப் படங்களும் குடும்பத்தாரின் குரலும் பழைய பொறியில் உறங்கக் கண்ட பெரியோர்கள், அது நலமாக இயங்கும்போதே மாற்றிவிடுதல் வேண்டும். மாற்றியதற்கு மூன்று படிகள் இருத்தலும், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தலும் நலம்.

எம் ஒலிப்பதிவுகளுள் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் மீண்டன. ஒரு தாலாட்டின் இறுதிப் பகுதி மட்டும் கிடைக்கவில்லை. அதனைப் பாடிய மூதாட்டியார் மறைந்து ஆண்டுகள் பலவாயின. பதிவு செய்த மாணவரிடமும் வேறு படி இல்லை. பாடல் பாதியில் நிற்கும் அக்கோப்பினை அவ்வாறே எம் துறையில் வைத்திருக்கின்றோம். இனி வரும் மாணவர் எவரும் அடுத்த மாற்றத்தை நாளை பார்க்கலாம் என்று தள்ளி வைக்காதிருக்க அது துணை செய்யும்.