கோட்டையிலே வளர்ந்த மொழி

வடக்கே திபெத்தும் தெற்கே இந்தியாவும் எல்லைகளாக, இமயமலைச் சரிவிலே அமைந்த சிறிய பௌத்த முடியரசு பூட்டான். அந்நாட்டார் அதனைத் ‘துருக் யுல்’ என்பர். இடிமுழக்கும் நாகத்தின் நாடு என்பது பொருள். அந்நாட்டின் வரலாற்றை அரசர் வழியாகக் கூறுவாருண்டு. மொழி வழியாகக் காண்பதே ஆசிரியர்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

1616ஆம் ஆண்டில் திபெத்திலிருந்து வந்த நவாங் நம்கியால் என்னும் துறவி, பள்ளத்தாக்குதோறும் பிரிந்து கிடந்த மக்களை ஓராட்சியின்கீழ்க் கொணர்ந்தார். சிம்தோகாவிலும் புனாக்காவிலும் அவர் எழுப்பியன போன்ற கோட்டைகள் ‘ஜொங்’ எனப்படும். ஒரே மதிலுக்குள் ஒருபால் அரசு அலுவலகம். மறுபால் துறவியர் மடம். அக்கோட்டைகளிலே வழங்கிய பேச்சே ‘ஜொங்கா’. ‘கா’ என்பது மொழியைக் குறிக்கும்.

எனினும், ஏட்டிலே எழுதப்பெற்றது ஜொங்கா அன்று. ‘சோக்கே’ எனப்படும் பழைய திபெத்திய இலக்கிய மொழியே. மடமே பள்ளியாகவும் துறவியரே ஆசிரியராகவும் விளங்கிய காலம் அது.

1907இல் உக்கியென் வாங்சுக் முடிசூடியதோடு இன்றைய மன்னர் மரபு தொடங்கிற்று. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் (1952-1972) காலத்தே, 1953இல் தேசிய மன்றமும் 1961இல் முதல் ஐந்தாண்டுத் திட்டமும் தோன்றின. சாலைகள் வந்தன, பள்ளிகளும் பெருகின. ஆனால் கணிதத்தையும் அறிவியலையும் கற்பிக்க ஜொங்காவில் நூல்கள் இல்லை. ஆகவே முதலில் இந்தியும், 1960களில் ஆங்கிலமும் பயிற்றுமொழியாயின. நாட்டு மொழியோ தனியொரு பாடமாக நின்றுவிட்டது.

1986இல் ஜொங்காவின் வளர்ச்சிக்கென ஆணையம் அமைந்தது. 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனைத் தேசிய மொழியென உறுதி செய்தது. ஆயினும், ஆங்கிலத்தில் எழுதுவதே எளிது என்னும் இளைஞர் அங்கே பலர். பாடமாக மட்டும் நிற்கும் மொழி தேர்வு முடிந்ததும் மறக்கப்படும். அறிவுத்துறைகளைக் கற்கும் கருவியாகும் மொழியே வாழ்க்கையோடு நடந்துவரும்.

இன்னொன்றும் உண்டு. தென்பகுதி மக்களின் தாய்மொழி நேப்பாளி. 1990ஐ ஒட்டி அம்மொழி பள்ளிப் பாடத்திட்டத்தினின்று நீக்கப்பட்டது. குடியுரிமைக் கெடுபிடியும் வடபுலத்து உடையை அணியவேண்டுமென்ற கட்டளையும் உடன்சேர, கிளர்ச்சி எழுந்தது; அடக்குமுறை தொடர்ந்தது. நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நேப்பாளத்து முகாம்களிலே அகதிகளாயினர். 2007க்குப்பின் அவருட் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினர்.

செல்வத்தினும் மக்களின் மகிழ்ச்சியே பெரிதெனக் கொள்கை வகுத்து உலகப் புகழ் பெற்ற நாட்டிலேயே இது நிகழ்ந்தது. தம் மொழியை வளர்ப்பது கடமை. அதற்காகப் பிறர் குழந்தையின் கையிலிருக்கும் ஏட்டைப் பறிப்பது அறமாகாது. பூட்டானின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகின்றது.